ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்குச் சேலத்தில் எதைக் காட்டுவது: ஏற்காடா, மேட்டூரா, முத்துமலையா, கடைத்தெருவா?

சேலத்துக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று வாயைத் திறந்தால் போதும், ஆட்டோக்காரரிலிருந்து மாமியார் வரை எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க." வருகிறவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், அங்கே என்னவெல்லாம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தவள். இங்குள்ள பல வீடுகளில் பிள்ளைகள் துபாயிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு, சேலத்திலிருந்து போகும் பெற்றோருக்கு அந்த ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். எனக்கு அது தலைகீழ். எனக்குச் சேலம்தான் வெளிநாடு. வருடக் கடைசி விடுமுறையில் அப்பா, அம்மா, சித்தி, அண்ணன் குடும்பம் என்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்குவார்கள். மூட்டு வலியும் உண்டு, கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளைகளும் உண்டு. இவர்களை எங்கே கூட்டிப்போனால் காசும் நேரமும் வீணாகாது என்பதுதான் கேள்வி.

முதலில் ஏற்காடு, எல்லோரும் சொல்வதால்.

ஈப்போக்காரர்களிடம் "மலை, குளிர்" என்று சொல்லி ஆசை காட்ட முடியாது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள். சிம்பாங் பூலாய் வழியாக வண்டியை விட்டால் கேமரன் மலை. அங்குள்ள தானா ராத்தாவும் நம் ஏற்காடும் ஏறக்குறைய ஒரே உயரம், 1,500 மீட்டரை ஒட்டி. தேயிலைச் சரிவும் ஸ்ட்ராபெரித் தோட்டமும் பார்த்துச் சலித்தவர்களை ஏற்காட்டு ஏரியில் மிதிபடகில் உட்கார வைத்தால், "நல்லாத்தான் இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்வார்கள். அந்த "தான்" எனக்குப் பிடிக்காது.

அப்படியென்றால் ஏற்காட்டை விட்டுவிடலாமா? கூடாது. படகுத் துறையைத்தான் விட வேண்டும். ஏற்காட்டில் உண்டு, கேமரன் மலையில் எங்கள் கண்ணில் படாதது காப்பித் தோட்டம். ஈப்போ வெள்ளைக் காப்பிக்குப் பேர்போன ஊர். கொட்டையை மார்ஜரின் சேர்த்து வறுத்து, பால் டின் ஊற்றிக் கலக்கிக் கொடுப்பார்கள். அப்பா அதைக் குடிக்காமல் காலையில் பேசவே மாட்டார். ஆனால் காப்பிச் செடி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடியும், அதே மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியும் வரிசை வரிசையாக நிற்கும். டிசம்பரில் போனால் பழம் சிவந்திருக்கும், பறிப்பும் நடந்துகொண்டிருக்கும். பழத்தைப் பிதுக்கினால் வழுவழுப்பான தோலுக்குள் இரண்டு கொட்டை. சதையை நாக்கில் வைத்தால் இனிக்கும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட பயிர் இது. கேமரன் மலையில் வெள்ளைக்காரன் தேயிலை போட்டதற்கு நூறு வருடம் முந்தியது என்று சொன்னால், மலேசியாக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தோட்டத்துக்குள் போவதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வேலி தாண்டிப் போய்ப் படம் எடுப்பது அசிங்கம்.

இன்னொன்று சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 5,326 அடி. தட்டையான புல்வெளியில் ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். தலையைக் குனிந்துதான் போக வேண்டும், உள்ளே இருட்டு, ஈரம். ஈப்போவின் குகைக் கோயில்கள் மண்டபம் மாதிரி விரிந்தவை. அவற்றைப் பார்த்தே பழகிய சித்தி இந்தச் சின்னக் குகையில் பேச்சில்லாமல் நின்றார். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், இந்த மலையின் சொந்தக்காரர்கள். வண்டி கோயில் அருகே வரை போகும் என்பதால் முட்டிக்கும் தொந்தரவில்லை.

கிளியூர் அருவி அப்படியல்ல. இறங்கிப் போய்த் திரும்பி ஏற வேண்டும், மழை இல்லாத மாதத்தில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். பெரியவர்கள் இருந்தால் வேண்டாம். ஆர்க்கிட் பூங்காவும் மலேசியாக்காரர்களுக்கு வேண்டாம், அவர்கள் வீட்டு வாசலிலேயே ஆர்க்கிட் தொங்கும்.

ஏற்காட்டில் உண்மையான போட்டி பகல் பயணத்துக்கும் இரவு தங்கலுக்கும் இடையில்தான். பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே இருபதும் இறங்க வேண்டும். பின் இருக்கையில் உட்காரும் பிள்ளைகளில் ஒன்றாவது வாந்தி எடுக்கும். எலுமிச்சம்பழமும் ஒரு பையும் கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதோடு கூட்ட நெரிசலும். பாதி நாள் வண்டியிலேயே போகும். இரவு தங்கினால் கதை வேறு. பகலில் லேடீஸ் சீட்டில் நின்றால் எல்லா மலை ஊரிலும் இருக்கிற பள்ளத்தாக்குதான். இருட்டிய பிறகு அதே இடத்தில் நின்றால் கீழே சேலம் முழுவதும் விளக்காகத் தெரியும். "உன் வீடு எந்தப் பக்கம்?" என்று அம்மா கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு இரவு தங்க முடியாது என்றால் ஏற்காட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். மூடுபனி நாளில் பகோடா பாயின்ட் போனால் வெள்ளைத் திரைதான், அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது மேட்டூர். இது முழுக்கத் தண்ணீரைப் பொறுத்த விஷயம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, நிரம்பினால் 93.47 டிஎம்சி. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்து, அப்போதைய சென்னை கவர்னர் ஸ்டான்லி பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். குறுவைக்கு ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், ஜனவரி கடைசி வரை பாசனத்துக்கு விடுவார்கள், கையிருப்பு இருந்தால். நீர்மட்டம் எவ்வளவு என்று செய்தித்தாளில் தினமும் வரும். கிளம்புவதற்கு முன் அதைப் பார்க்காமல் போகக் கூடாது.

நிரம்பி உபரிநீர் திறக்கும் நாளில் பதினாறு கண் மதகுப் பக்கம் போய்விட்டால், உலகத்தில் எங்கிருந்து வந்தவரும் வாயைப் பிளப்பார். தண்ணீர் வற்றிய காலத்திலும் ஒரு காட்சி உண்டு: பண்ணவாடிப் பக்கம், அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். இரண்டுக்கும் நடுவில் அரைகுறையாகத் தண்ணீர் இருக்கும்போதுதான் மேட்டூர் சுமார்.

ஆனால் மலேசியப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. காவேரி என்று பாட்டிலும் வானொலியிலும் கேட்டே வளர்ந்து, அதைக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிப்போக, ரப்பர் காட்டுக்குக் கப்பலேறியவர்கள். காவேரியில் காலை நனைக்க வேண்டும் என்பது அம்மாவுக்குச் சுற்றுலா இல்லை, வேண்டுதல். அணை முனியப்பன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, எல்லோரும் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். இழுப்பு தெரியாத இடத்தில் வேண்டவே வேண்டாம். வறுத்த மீன் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வாசமே இழுத்துவிடும். அண்ணன் "எங்க ஊர் ஈக்கான் பாக்கார் (சுட்ட மீன்) மாதிரி வராது" என்றுதான் சொன்னான், ஆனால் தட்டை இரண்டாம் தடவையும் நீட்டினான். ஏற்காட்டை விட மேட்டூருக்கு ஒரு வசதி: சமதரைச் சாலை. யாருக்கும் தலை சுற்றாது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது, நான் எதிர்பார்க்காமலே ஜெயித்தது: முத்துமலை முருகன். விருந்தாளியின் ஊரில் இருப்பதையே இங்கேயும் காட்டாதே என்பது என் விதி. கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகனைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பெரிய முருகனா என்று நான் இதை ஒதுக்கியே வைத்திருந்தேன். கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் அப்பாதான். ஆத்தூர் போகும் சாலையில் வாழப்பாடி தாண்டி, புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி. 2022-இல் குடமுழுக்கு ஆனது. பத்துமலைச் சிலை 2006-இல் திறந்தது, 140 அடி. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள், திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன். ஆறடியில் தோற்றுவிட்டோமே என்று அப்பா முதலில் முறைத்தார். பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு முகம், கிரீடம், வேல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, "அங்கே பின்னாடி மலை இருக்கு, குகை இருக்கு, 272 படி இருக்கு. இங்கே சிலை மட்டும்தானே" என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு சரிதான். ஆனால் சித்தியால் 272 படி ஏற முடியாது, இங்கே நெடுஞ்சாலையிலிருந்தே சாமி தெரிகிறார். ஊருக்குப் போன பிறகும் எல்லோரிடமும் அப்பா அதிகம் பேசியது இதைப் பற்றித்தான் என்று அண்ணி சொன்னார். ஒத்துப்பார்க்கத் தன் ஊரில் ஒன்று இருந்தால் வருகிறவர்கள் சுவாரசியமாகத்தான் பார்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். முழு நாளை இதற்கு ஒதுக்க வேண்டியதில்லை.

1008 லிங்கம், கந்தாசிரமம், குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா மூன்றும் நேரம் மிஞ்சினால் போகிற இடங்கள். கந்தாசிரமம் மட்டும் காலையில் அமைதியாக இருக்கும்.

இனி ஊருக்குள். சேலத்துக்காரர்கள் இதை ஒரு இடமாகவே கணக்கில் எடுப்பதில்லை. "டவுனில் என்ன இருக்கு பார்க்க?" என்பார்கள். என்னைக் கேட்டால் பெண்கள் அதிகம் வரும் குடும்பத்துக்கு ஏற்காட்டையும் மேட்டூரையும் சேர்த்து வைத்தாலும் செவ்வாய்ப்பேட்டைக்கு ஈடாகாது. ஈப்போவில் தங்கக் கடைக்குக் குறைவில்லை, 916 என்று குழந்தை கூடச் சொல்லும். ஆனால் கொலுசு செய்கிற ஊரில் உட்கார்ந்து, தட்டில் கொட்டிவைத்த ஜோடிகளில் கைவிட்டு எடுத்து, முத்துச் சத்தம் பிடிக்கிறதா என்று குலுக்கிப் பார்த்து வாங்குவது அங்கே கிடைக்காது. சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு பட்டறை. ஒருவர் கம்பி இழுப்பார், ஒருவர் பொடி வைப்பார், ஒருவர் மெருகு போடுவார். வாங்கும்போது தரம் எத்தனை சதவீதம், செய்கூலி எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் விலை கொஞ்சம் ஏறும். அம்மாவின் மலேசியத் தமிழ் இரண்டாவது வாக்கியத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பேரத்தை நான்தான் பேசுவேன்.

அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி. அப்பா அதைத் தவிர எதையும் கேட்டு வாங்கியதில்லை. கோட்டை மாரியம்மன், சுகவனேஸ்வரர் இரண்டும் வழியிலேயே. இருட்டினால் தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், சட்னி. நின்றபடியே தின்பதுதான் முறை. கைப்பேசியை விடாத அண்ணன் பிள்ளைகள் தலைநிமிர்ந்தது இங்கேதான், முட்டை நொறுக்கல் வந்தபோது. மே, ஜூனில் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், மல்கோவாவும் இமாம் பசந்தும் கிடைக்கும். வெயிலை அவர்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவின் வியர்வைச் சூடு வேறு, சேலத்து மே மாதம் வேறு.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவை ஏற்காடு போகிற வழியிலேயே காட்டிவிடலாம். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ. இப்போது நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஐந்து நிமிடம் போதும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தைத் தவற விடாதீர்கள், இளையவர்கள் மட்டும் என்றால் நிறுத்தவே வேண்டாம்.

என் வரிசை இது. ஒரே நாள் என்றால் காலையில் முத்துமலை, சாயங்காலம் ஊர். இரண்டு நாள் என்றால் கூடவே மேட்டூர், தண்ணீர் இருந்தால். மூன்றாவது நாளும் அதன் இரவும் கிடைத்தால்தான் ஏற்காடு, அதுவும் வார நாளில். பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள் என்றால் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள்.

திரும்பும் நாளையும் வீணாக்க வேண்டாம். திருச்சி விமானத்துக்கு நாமக்கல் வழியாகத்தான் போக வேண்டும். விமானம் இரவில் என்றால் வழியில் பதினெட்டடி ஆஞ்சநேயரைப் பார்த்துவிடலாம், கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்பவர். பெட்டியில் காப்பித்தூள் எடையைத் தின்னும். தட்டுவடை எடையே இல்லை, ஆனால் நொறுங்கும். அதனால் அதைக் கைப்பையில் வையுங்கள், கொலுசையும்தான்.