கிரெடென்ஷியலிங் நிறுவனத்திடம் கணக்கை ஒப்படைத்து நான் இழந்த ஏழு மாதங்கள்

அமெரிக்காவில் சொந்தமாகக் கிளினிக் தொடங்கவிருக்கும் மருத்துவ நண்பர்கள், காப்பீட்டு நிறுவனங்களின் நெட்வொர்க்கில் (அவர்களுடைய காப்பீட்டை ஏற்கும் மருத்துவர்களின் பட்டியலில்) சேர்த்துவிடுவதாகச் சொல்லும் கிரெடென்ஷியலிங், அதாவது தகுதிச் சரிபார்ப்பு, இடைநிலை நிறுவனம் எதற்கும் முன்பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பொது மருத்துவர். பதினொரு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் ஊழியராக இருந்தபோது இந்த வேலைகளை எல்லாம் அவர்களுடைய அலுவலகமே கவனித்துக்கொண்டது. அந்த மருத்துவமனையின் வரி எண்ணோடுதான் என்னுடைய நெட்வொர்க் உறுப்புரிமை பிணைக்கப்பட்டிருந்தது என்பதும், வேலையை விட்டு வெளியேறினால் புதிய வரி எண்ணின் பேரில் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துடனும் மறுபடி தொடங்க வேண்டும் என்பதும் எனக்கு மிகத் தாமதமாகவே தெரியவந்தன. அந்த அறியாமையோடு தேடியபோதுதான் அப்படிப்பட்ட ஓர் இடைநிலை நிறுவனம் கண்ணில் பட்டது. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு 250 டாலர் வீதம் ஒன்பது நிறுவனங்களுக்கு 2,250 டாலரை முழுவதுமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அறுபது நாட்களில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக எழுத்திலேயே உறுதியளித்தார்கள்.

அந்த உறுதிமொழியே என்னை எச்சரித்திருக்க வேண்டும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு, மருத்துவ உரிமம், பயிற்சி, சிறப்புத் தகுதிச் சான்று ஆகியவற்றை வழங்கிய அமைப்புகளிடமே காப்பீட்டு நிறுவனம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்கிறது. 1990 முதல் இயங்கிவரும் தேசிய மருத்துவர் தரவு வங்கியில் நம் மீதான வழக்கு இழப்பீடுகளையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் தேடுகிறது. பின்னர்தான் காப்பீட்டு நிறுவனத்தின் தகுதிச் சரிபார்ப்புக் குழு கூடி முடிவெடுக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட வெளியாள் எவராலும் விரைவுபடுத்த முடியாது. அதோடு, தகுதிச் சரிபார்ப்பு வேறு, கட்டண ஒப்பந்தம் வேறு. குழு ஒப்புக்கொண்ட பின்னும் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நடைமுறைக்கு வரும் தேதி எழுத்தில் வரும் வரை நாம் நெட்வொர்க்கில் இல்லை.

நான்கு மாதங்கள் வரை, "சமர்ப்பித்துவிட்டோம், பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் மாதம் நானே காப்பீட்டு நிறுவனங்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். நான்கில் என் பெயரில் விண்ணப்பமே இல்லை. மூன்றில், கேட்ட ஆவணம் வராததால் கோப்பை மூடிவிட்டிருந்தார்கள். எஞ்சிய இரண்டில், மருத்துவர்களின் விவரங்களைச் சேமித்து வைக்கும் பொது இணையத் தளமான சி.ஏ.க்யூ.எச்.-இல் என் கணக்கு காலாவதியாகிவிட்டதால் வேலை நின்றுபோயிருந்தது.

இங்கேதான் என் பெரிய தவறு இருக்கிறது: இந்தக் கணக்கை முழுவதுமாக அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டேன். ஒரே விவரங்களைப் பத்து நிறுவனங்களுக்குப் பத்து முறை எழுதித் தரும் அலைச்சலைத் தவிர்க்கத்தான் சி.ஏ.க்யூ.எச். தளம் உருவானது, ஒருமுறை நிரப்பிவிட்டால், நாம் அனுமதிக்கும் நிறுவனங்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். மிக நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் 120 நாட்களுக்கு ஒருமுறை, விவரங்கள் சரியானவை என்று நாம் மீண்டும் உறுதிமொழி அளிக்காவிட்டால், அந்த ஓரிடத் தவறு எல்லா விண்ணப்பங்களையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. அந்நிறுவனம் கணக்கின் மின்னஞ்சலைத் தன்னுடையதாக மாற்றி வைத்திருந்ததால் நினைவூட்டல்கள் எதுவும் என்னை எட்டவில்லை. என் தந்தையின் நோய்க்காலத்தில் நான் எடுத்த எட்டு மாத விடுப்புக்கு விளக்கம் எழுதாமல் விட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளிக்கு விளக்கம் கேட்பது வழக்கமான விதி. காலாவதியான தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். இவை அனைத்தும் உண்மை என்று என் பெயரில் அவர்களே உறுதிமொழியும் கொடுத்திருந்தார்கள். பணம் போனதைவிட இதுதான் என்னை அதிகம் பதற வைத்தது, ஏனென்றால் அதில் பிழை இருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

கணக்கை மீட்க மூன்று வாரங்கள் ஆயின. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "முயற்சிக்கான கட்டணம், முடிவுக்கானது அல்ல" என்ற ஒப்பந்த வரியைக் காட்டினார்கள். இதற்கிடையில், என்னை நம்பிப் பழைய மருத்துவமனையிலிருந்து தொடர்ந்து வந்த நோயாளிகளை, அவர்களுடைய காப்பீடு செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பல ஆண்டுகளாக நான் பார்த்துவந்த ஒரு நீரிழிவு நோயாளி, வேறு மருத்துவர் கிடைக்கும் வரை மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிட்டார் என்று பின்னர் அறிந்தேன்.

நேர்மையாக உழைக்கும் நிறுவனங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் யாரை அமர்த்தினாலும் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். உறுதிமொழியை நீங்களே படித்து அளியுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காப்பீட்டு நிறுவனம் தரும் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். மருத்துவருக்கான தேசிய அடையாள எண்ணான என்.பி.ஐ. பெறுவதற்கும் சி.ஏ.க்யூ.எச். கணக்கு தொடங்குவதற்கும் மருத்துவருக்குக் கட்டணம் கிடையாது. அவற்றுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதன்மையாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில், ஏற்கப்பட்ட விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதியை ஒட்டியே நடைமுறைத் தேதி அமைகிறது. அதற்கு முந்தைய காலத்தில் பொதுவாக 30 நாட்களுக்கு மட்டுமே பில் அனுப்ப முடியும். ஆகவே "சமர்ப்பித்துவிட்டோம்" என்ற வாய்வார்த்தையை நம்பிக் கழியும் ஒவ்வொரு வாரமும் திரும்பி வராத வருமானம்.

மெடிகேர் விண்ணப்பத்தை இப்போது நானே அதன் இணையப் பதிவுத் தளமான பெக்கோஸில் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்பதில் ஐந்து காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து நடைமுறைத் தேதி எழுத்தில் வந்துவிட்டது. மற்ற நான்கின் குறிப்பு எண்களும் என் கையில் இருக்கின்றன.