அரை இன்ச் வாட்டர் மீட்டர், நாலு வருஷம்: ஆயா குடம் மட்டும் கணக்குல வரல

வியாசர்பாடி ஃப்ரெண்டு நேத்து நைட்டு கேட்டான், "மச்சி, எங்க காம்பவுண்டுல ஏழு வீடு, லாரி தண்ணி காசு பிரிக்கிறதுல டெய்லி சண்டை, உங்க வீட்டுல மாட்டுன மீட்டர் எப்டி, வாங்கலாமா"ன்னு. வாய்ஸ் நோட்டுல சொல்ல ஆரம்பிச்சு பாதிலயே கடுப்பாயிடுச்சு, அதான் எழுதிடலாம்னு.

தண்டையார்பேட்டைல எங்களுது ஆறு வீடு. மாடி டேங்க்ல இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்குற லைன்ல அரை இன்ச் மல்டிஜெட் மீட்டர் (சுத்தியும் பல துளை வழியா தண்ணி வந்து சக்கரத்துல மோதுற வகை), மோட்டார்ல இருந்து டேங்க்குக்கு ஏறுற லைன்ல ஒரு இன்ச் மெயின் மீட்டர். நாலு வருஷத்துல ஒண்ணு கூட நிக்கல. கண்ணாடிக்குள்ள வேர்த்துக்கும், மொபைல் டார்ச் அடிச்சு தலைய சாய்ச்சு தான் ரீடிங் எடுக்கணும். ஸ்ட்ரெய்னர்ல, அதான் மீட்டர் வாய்ல இருக்குற சல்லடைல, துருவும் மண்ணும் அடைச்சுக்கும், கழட்டி கழுவிட்டா சரி. முதல்ல வந்த பிளம்பர் ஒண்ண நெட்டுக்குத்து பைப்புல மாட்டிட்டுப் போனாரு, அது கம்மியா காட்டுச்சு, பைப் படுக்கையா டயல் வானத்த பாத்த மாதிரி மாத்துனதும் ஒழுங்கா ஓடுது. இதெல்லாம் விட்ரலாம்.

என் தலைவலி கூட்டல். ஆறையும் கூட்டுனா மெயின் மீட்டர் கணக்கு வரவே வராது. போன மாசம் மெயின்ல 61,000 லிட்டர், ஆறும் சேந்து 57,400. மிச்சம் 3,600 எங்கடா போச்சு? மாசா மாசம் இதே கதை, எப்பவும் ஆறு தான் கம்மி. நான் மணலில இன்ஸ்ட்ருமென்ட் வேலை பாக்குறவன், அங்க பெரிய பைப்புல ஓடுறதுக்கெல்லாம் ரீடிங் பாத்து கையெழுத்து போடுறேன், வீட்டுக்கு வந்தா கீழ் வீட்டு அண்ணன் "இன்னாப்பா, உன் மீட்டர் புளுகுது"ன்றாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை 20 லிட்டர் வாட்டர் கேன வச்சுகினு உக்காந்துட்டேன். டேப்ப ஃபுல்லா திறந்தா ஒண்ணரை நிமிஷத்துல ரொம்புச்சு, அதாவது மணிக்கு 800 லிட்டர் ஓட்டம், மீட்டர் 19.9 காட்டுச்சு, குறையே சொல்ல முடியாது. அடுத்து டேப்ப சேமியா கனத்துக்கு வச்சேன். கேன் ரொம்ப 50 நிமிஷம், மணிக்கு 24 லிட்டர். மீட்டர்ல ஏறுனது 17. மூணு லிட்டர் ஃப்ரீ.

டயல்ல பொடி எழுத்துல க்யூ3 2.5, ஆர் 80ன்னு இருக்கும், ஒருத்தனும் பாக்க மாட்டோம். மணிக்கு 2.5 கன மீட்டர், 2,500 லிட்டர், அது மீட்டர் அசராம தாங்குற ஓட்டம். அத 80ஆல வகுத்தா மணிக்கு 31.25 லிட்டர். அதுக்குக் கீழ ஓடுனா சரியா காட்டுவேன்னு மீட்டர் சத்தியமே பண்ணல. உள்ள இருக்குறது குட்டி ரெக்கைச் சக்கரம், தண்ணி மோதுற வேகத்துல சுத்தணும், மெதுவா வந்தா உராய்வ தாண்ட முடியாம நிக்குது, தண்ணி ஓரமா நழுவிப் போயிடுது. மெயினுக்கு அந்தக் கஷ்டம் இல்ல, மோட்டார் போட்டா ஒரே வேகம், நிறுத்துனா ஸீரோ. ஆனா சம்ப் காலியாகி லைன்ல காத்து புடிச்சா அது காத்தையும் தண்ணின்னு எண்ணும், அதனால பழிய ஆறு மேல மட்டும் போடவும் முடியாது. (எங்க பிளான்ட்ல மேக்னெடிக் மீட்டர், சுத்துற பார்ட்டே கிடையாது, மின்சாரம் கடத்துற திரவம் காந்தத்துக்கு நடுவுல ஓடுனா வோல்டேஜ் வரும், அத வச்சு வேகம் தெரியும். வீட்டுக்கு அது யானை விலை.)

ஒண்ணு மட்டும் சொல்லியே ஆகணும், டயல்ல இருக்குற சிவப்பு நட்சத்திரம். எல்லா டேப்பையும் மூடிட்டுப் பாத்தா அது அசையக்கூடாது. ரெண்டாவது வீட்டுல ஒரு நாள் நைட்டு அது பாட்டுக்கு சுத்திகினு இருந்துச்சு, தேடுனா ஃப்ளஷ் டேங்க் வாஷர் போயிருக்கு. அதுக்கே குடுத்த காசு செரிச்சிடுச்சு.

மேல் வீட்டு ஆயா கதை வேற. படுக்கும்போது டேப்ப சொட்டு விட்டு கீழ பிளாஸ்டிக் குடம் வச்சிடும், தெரு அடி பம்புல விடிகாலைல வரிசைல நின்ன காலத்துப் பழக்கம். காலைல குடம் ஃபுல்லு, மீட்டர்ல ஒண்ணுமே ஏறாது, நட்சத்திரம் கூட அசையாது. தெரிஞ்சு தான் பண்றியா ஆயான்னு கேட்டா சிரிக்குது.

நல்ல பொருள் தான். ஆனா வாங்காத மச்சி. இதுக்கு முன்ன சும்மா சண்டை, இப்ப புள்ளி வச்ச நம்பரோட சண்டை.

இவ்ளோ சொல்லிட்டு நான் ஆர் 160 ஆறு பீஸ் ஆர்டர் போட்டாச்சு, ரேட் இறங்கியிருக்கு, மணிக்கு 15.6 லிட்டர் வரைக்கும் புடிக்கும். ஆயா கிட்ட சொன்னேன். "எனுக்கு இன்னா போச்சு"ன்னு குடத்த கழுவப் போயிடுச்சு.