பைப்பர் கப்பா, செஸ்னா 140-ஆ?

விமானி லைசென்ஸ் கைக்கு வந்ததும் பழைய விமானம் தேடுபவர்கள் பலர், இருவர் அமரும் இந்த இரண்டு சிறு விமானங்களுக்கும் நடுவே தடுமாறுகிறார்கள்.

உடல்: கப் முழுக்கத் துணி போர்த்தியது, வெயிலில் கிடந்தால் சீக்கிரம் நைந்துவிடும். 1946-இல் வந்த செஸ்னா 140-க்கு உடல் அலுமினியம், இறக்கையில் மட்டும் துணி. எதை வாங்கினாலும் உள்ளே துரு, அரிப்பு இருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட்: கப்பில் பெரும்பாலும் புரொப்பெல்லரைக் கையால்தான் சுழற்ற வேண்டும். பழகாதவர் தொடவே கூடாது. 140-இல் ஸ்டார்ட்டர் உண்டு.

வேகம்: கப் மணிக்குச் சுமார் 120 கி.மீ., செஸ்னா 140 சுமார் 160 கி.மீ.

இருக்கை: 140-இல் இருவரும் அருகருகே. கப்பில் ஒருவர் பின் ஒருவர், தனியாகப் பறந்தால் பின் இருக்கை. எதிரே கண்ணாடிக்கு அப்பால் ஒரு கம்பி ஆடும். பெட்ரோல் தொட்டிக்குள் மிதக்கும் தக்கையில் செருகிய அது இறங்க இறங்க பெட்ரோல் குறைகிறது என்று பொருள். எனக்கு அந்த எளிமைதான் பிடிக்கும்.

மாலையில் தாழப் பறந்து ரசிக்க கப். வெளியூர் போக 140. இரண்டுக்கும் வால் சக்கரம்தான், அதாவது மூன்றாவது சக்கரம் மூக்கில் இல்லாமல் வாலில் இருக்கும். அதற்குத் தனிப் பயிற்சி எடுத்த பிறகே தனியாகக் கிளம்புங்கள்.