ஒரே கடை, மூன்று விண்டோஸ்: அக்சஸா, எஸ்கியூலைட்டா, சேர்வரா?

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு ஸ்டொக், பில் மென்பொருள் செய்து கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். காசாளர் மேசையில் 32-பிட் விண்டோஸ் 7, கணக்கப்பிள்ளையிடம் விண்டோஸ் 10, முதலாளியின் லேப்டொப்பில் விண்டோஸ் 11. எதில் எழுதுவது என்பதை இந்தப் பழைய காசாளர் மெஷின்தான் பாதி தீர்மானிக்கும்.

மைக்ரோசொப்ட் ஆபிஸின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில் வேலை சீக்கிரம் முடியும். அக்சஸ் இல்லாத மெஷினில் செயலியை ஓட்டும் ரன்டைமும் இலவசம். தலைவலி 32-பிட், 64-பிட் வேறுபாட்டில்தான். 64-பிட் அக்சஸில் உருவாக்கிய ஏசிசிடிஇ (குறியீட்டை மறைத்துத் தொகுத்த) கோப்பு 32-பிட் அக்சஸில் திறக்காது, 32-பிட்டில் உருவாக்கியது 64-பிட்டிலும் திறக்காது. இங்கே பார்க்க வேண்டியது விண்டோஸின் பிட்டை அல்ல, ஆபிஸின் பிட்டை. ஆபிஸ் 2019 முதல் வழமையாக நிறுவப்படுவது 64-பிட். அப்படியான ஆபிஸ் முதலாளியின் லேப்டொப்பில் இருந்தால் 32-பிட் ரன்டைம் அதில் ஏறாது. ஆகவே இரண்டு ஏசிசிடிஇ கட்ட வேண்டும், விண்டோஸின் உள் செயல்பாடுகளை அழைக்கும் ஏபிஐ அறிவிப்புகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 7இல் ஓடுகிற கடைசிப் பதிப்பு அக்சஸ் 2016, அதிலேயே தொகுத்துவிடுங்கள். ரன்டைமில், கையாளப்படாத ஒரு பிழை வந்தாலே செயலி மூடிவிடும். கொடுப்பதற்கு முன் கோப்பின் பின்னொட்டை ஏசிசிடிஆர் என மாற்றித் திறந்தால் உங்கள் மெஷினிலேயே அந்த நிலையைச் சோதிக்கலாம். தரவுக் கோப்பு மட்டும் நெட்வொர்க்கில் பொதுவாக இருக்கட்டும். படிவங்கள் உள்ள கோப்பு ஒவ்வொரு மெஷினிலும் தனிப் பிரதியாக இருக்க வேண்டும். வைஃபையில் இதை ஓட்டவே வேண்டாம், இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் தரவுக் கோப்பு பழுதாகலாம்.

ஒரே மெஷின் உள்ள கடைக்கு எங்கள் தெரிவு, தனிச் சேர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் தரவை வைக்கும் எஸ்கியூலைட். செயலியை மைக்ரோசொப்டின் டொட்நெட் பிரேம்வொர்க் 4.8இல், எக்ஸ்86 (32-பிட்) இலக்கில் தொகுத்தால் அதே கோப்புகள் மூன்று விண்டோஸிலும் ஓடும். விண்டோஸ் 7இல் சேர்விஸ் பேக் 1 போட்டு 4.8ஐ நிறுவ வேண்டும். விண்டோஸ் 10இன் 1903 முதல் அது கூடவே வருகிறது. மெஷினுக்கு ஏற்ப பிட் மாறும் 'எனி சிபியு' இலக்கில் தொகுத்து, எஸ்கியூலைட்டின் 32-பிட் டிஎல்எல் கோப்பை வைத்தால் 64-பிட் மெஷினில் செயலி விழலாம்.

தரவுக் கோப்பைப் 'புரோகிராம் பைல்ஸ்'இல் வைப்பதுதான் பெரிய தவறு. அங்கே எழுத அனுமதி கிடைக்காது. மேனிபெஸ்ட் (தனக்கு என்ன உரிமை வேண்டும் என விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32-பிட் செயலியானால் இன்னும் மோசம்: விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தந்தப் பயனரின் 'வேர்ச்சுவல் ஸ்டோர்'இல் எழுதும், ஆளுக்கொரு ஸ்டொக் தெரியும். 'புரோகிராம் டேட்டா'வில் தனிக் கோப்புறை திறந்து, பயனர்களுக்கு மாற்றும் உரிமையை நிறுவி மூலமே கொடுங்கள். ஆனால் எஸ்கியூலைட் கோப்பை நெட்வொர்க் பகிர்வில் வைத்துப் பல மெஷின்களால் எழுதக்கூடாது. இருவர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் பூட்டுதலை அங்கே நம்ப முடியாது.

மூன்று மெஷினும் ஒரே நேரத்தில் பில் போட்டால் மைக்ரோசொப்டின் இலவசத் தரவுத்தளச் சேர்வரான எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ்தான். விண்டோஸ் 7இல் ஏறும் கடைசிப் பதிப்பு 2014. எனவே சேர்வரை விண்டோஸ் 10 மெஷினில் வையுங்கள், காசாளர் மெஷின் வெறும் கிளையன்டாக இருக்கட்டும். மற்ற மெஷின்கள் இணையத் தேவையான டிசிபி/ஐபி சேர்வரில் இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கி, 1433 போர்ட்டை நிலையாக்கி, பயர்வோலில் திறக்க வேண்டும். விண்டோஸ் 11இல் சேர்வர் சேவை தொடங்க மறுத்தால் டிஸ்க்கைப் பாருங்கள்: சில என்விஎம்இ டிஸ்க்குகள் 4 கேபிக்கு மேற்பட்ட செக்டர் அளவைக் காட்டும், அதைச் சேர்வர் ஏற்காது. ரெஜிஸ்ட்ரியில் 4 கேபியைக் கட்டாயமாக்கி மெஷினை மறுபடி தொடக்கினால் சரியாகும். வேலைகளை நேரம் குறித்து ஓட்டும் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் இல்லாததால் இரவு பேக்கப்பை விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் போடுங்கள். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் திரும்பாது.

பொருட்பெயர் தமிழில் வேண்டுமானால் சேர்வர் அட்டவணையின் நிரல்கள் (கொலம்) யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் 'என்வார்சார்' வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். அக்சஸின் விபிஏ மொழிக் குறியீட்டுக்குள் தமிழை நேரே எழுதினாலும் அதே கதி. வாசகங்களை அட்டவணையில் வையுங்கள். எழுத்துரு விண்டோஸ் 7இல் லதா, அதற்குப் பின் நிர்மலா யுஐ.