முந்திரிக்கொத்தா, கேக்கா, அச்சுமுறுக்கா? கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எதைச் செய்து கொடுப்பது

டிசம்பர் முதல் வாரம் பிறந்ததும் எங்கள் நாகர்கோவில் வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருசம் என்ன சுடுவோம்?" தெருவில் 18 வீடு. சொந்தத்தில் ஏழெட்டு வீடு. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம். கிறிஸ்துமஸுக்கு யாருக்கு எது கொடுத்தாலும் அது வீட்டில் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது என் பாட்டி காலத்து வழக்கம். அதை விட எங்களுக்கு மனசில்லை.

அம்மா முந்திரிக்கொத்து என்பார். என் மகள் கேக் என்பாள். மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, அச்சுமுறுக்குதான். மூன்றையும் பல வருடம் மாறி மாறிச் செய்து, கொடுத்து, சிலதைக் கெடுத்தும் பார்த்துவிட்டேன். வீட்டு ருசியை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கொடுக்கிற பொருள் இல்லையா? வாங்குகிற வீட்டில் எல்லோரும் சாப்பிட முடியுமா, எத்தனை நாள் தாங்கும், செய்ய எத்தனை கை வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

கேக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இப்போது எல்லா வீட்டிலும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நமக்கு அது ஒன்றும் அந்நியப் பண்டம் இல்லை. கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர், மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து 1883இல் தன் கையால் ஒன்று செய்தார், இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். கேக் ருசி எங்களுக்கும் பழைய ருசிதான்.

ஓவன் இல்லாத வீட்டிலும் கேக் செய்யலாம். குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் இரண்டு கப் உப்புப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்துப் பாத்திரத்தை இறக்கினால், சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் நன்றாக வேகும். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கிச் சேர்க்க வேண்டும். கால் கிலோ மைதா, கால் கிலோ வெண்ணெய், கால் கிலோ சர்க்கரை, 4 முட்டை, கொஞ்சம் தாராளமாக உலர்பழம் என்று போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். சரி, அதை 18 வீட்டுக்கு வெட்டினால் ஆளுக்கு விரல் அகலம்கூடத் தேறாது. மூன்று கேக்காவது சுட வேண்டும். குக்கரில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் என்பதால் அந்த நாள் முழுக்க அடுப்பு அதற்கே போய்விடும்.

அப்புறம் முட்டை. எங்கள் தெருவில் 5 வீடு சைவம். பழத்தை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைத்திருந்தால் பக்கத்து இஸ்லாமியர் வீட்டுக்கும் கொடுக்க முடியாது. மகள் இப்போது ஆரஞ்சுச் சாற்றிலும் திராட்சைச் சாற்றிலும்தான் ஊறவைக்கிறாள், ருசி குறையவில்லை. ஆனால் சாராயம் சேர்த்த கேக் போல அது வாரக்கணக்கில் நிற்காது. டிசம்பர் ஈரத்தில் நாலைந்து நாளில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். பெங்களூருக்குக் கூரியரில் போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகிறது.

அச்சுமுறுக்கின் கதை வேறு. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். சாமான் கொஞ்சம்தான், பக்குவம்தான் நிறைய. அச்சை முந்தின நாளே எண்ணெயில் போட்டு ஊறவைக்க வேண்டும். சுடும்போது முதலில் அச்சைக் காய்ந்த எண்ணெயில் நன்றாகச் சூடாக்கி, பிறகுதான் மாவில் தோய்க்க வேண்டும். அதுவும் முக்கால்வாசிதான். அச்சின் மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது, கத்தியால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். சரியாகத் தோய்த்தால் எண்ணெயில் இறக்கிய சில நொடியில் லேசாக ஆட்டினாலே பூவாகப் பிரிந்து மிதக்கும். அதை முதல் தடவை பார்க்கிற குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மைனி அடுப்படியில் ஒரு சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு அச்சை மாற்றி மாற்றிப் போடுவார். ஒன்று எண்ணெயில் வேகும்போது மற்றது மாவில் இருக்கும். ஒரு படி மாவை அவர் ஒருத்தரே முடித்துவிடுவார். இன்னொருவர் கைகொடுக்க அங்கே இடமே இல்லை. அதனால்தான் அச்சுமுறுக்கு கைதேர்ந்த ஒருத்தரின் பலகாரம் என்கிறேன். அவர் ஊரில் இல்லாத வருடம் நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

காற்றுப் புகாத டின்னில் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். மூடி சரியில்லை என்றால் ஒரே ராத்திரியில் நமுத்துப் போகும். பொட்டலத்தில் தூரம் அனுப்பினால் பாதி நொறுங்கித்தான் போய்ச் சேரும். இதிலும் முட்டை உண்டு. முட்டை இல்லாமலும் சுடலாம், ஆனால் அந்தப் பொரபொரப்பு கொஞ்சம் குறையும். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருகிற பிள்ளைகளுக்கு நடுராத்திரியில் கட்டங்காப்பியோடு (பால் விடாத காப்பி) கொடுக்க இதைவிட நல்ல பண்டம் கிடையாது. எண்ணெய் கையில் ஒட்டாது, பாடிக்கொண்டே கடிக்கலாம், வயிற்றை அடைக்காது.

இடையில் கலகலாவையும் சொல்லிவிடுகிறேன். மைதா, சர்க்கரை, தேங்காய்ப்பால் பிசைந்து, முள்கரண்டியின் முதுகில் வைத்து உருட்டிச் சுடுவது. சின்னப் பிள்ளைகளை மொத்தமாக உட்கார வைக்க நல்ல வேலை. ஆனால் பாட்டில் நிறையக் கொடுத்தாலும் வாங்குகிறவர்களுக்கு அது டீக்கடைப் பலகாரம் போலத்தான் தெரிகிறது. அதனால் அதை வீட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி முந்திரிக்கொத்து. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும் முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். எங்கள் பக்கம் அந்தப் பருப்புக்கு அண்டிப்பருப்பு என்று பெயர். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று மூன்று உருண்டையாக ஒட்டிச் சுட்டு எடுக்கும்போது திராட்சைக் கொத்துப் போல இருப்பதால் இந்தப் பெயர்.

சிறுபயறை வாசம் வர வறுத்து, உடைத்துத் தொலி நீக்கி, கொஞ்சம் கொரகொரப்பாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் பலகாரம் நாலாம் நாள் ஊசிப்போகும். எள், ஏலக்காய், சுக்கு. அப்புறம் வெல்லப்பாகு. இந்தப் பலகாரத்தின் உயிரே பாகில் இருக்கிறது. பாட்டி ஒரு கிண்ணத்தில் பச்சைத்தண்ணீர் வைத்துக்கொண்டு, கொதிக்கிற பாகை ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. மெத்தென்று உருண்டால் உடனே இறக்க வேண்டும். கல்லாக விழுந்தால் போச்சு, பலகாரம் பல்லை உடைக்கும். அந்த நேரத்தில் யாராவது வாசலிலிருந்து கூப்பிட்டால்கூட, "பாகு பேசும்போ நாம பேசப்பிடாது மக்ளே" என்று கையால் அமர்த்திவிடுவார்.

மாவில் பாகை ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். ஒரு கிலோ பயறுக்கு நூற்றுக்கு மேல் உருண்டை வரும். ஒருத்தரால் நடக்கிற காரியமா? அதனால் வீட்டில் இருக்கிற எல்லோரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். உள்ளங்கை சிவந்துவிடும். அந்த அரைமணி நேரத்தில்தான் அம்மா தன் சின்ன வயதுக் கிறிஸ்துமஸ்களைச் சொல்வார். ஒரே துணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டை தைத்தது, விடியக்காலை ஆராதனைக்கு அரிக்கேன் விளக்கோடு நடந்துபோனது எல்லாம். வேறு எந்த நாளில் கேட்டாலும் அதெல்லாம் அவருக்கு வாயில் வராது.

உருண்டைகளை ஒரு ராத்திரி உலரவிட்டு, மறுநாள் மஞ்சள்தூளும் உப்பும் போட்ட பச்சரிசி மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட வேண்டும். கரைசல் நீர்த்திருந்தால் வெல்லம் வெளியே வந்து எண்ணெய் முழுக்கக் கருத்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வருடம் முழு ஈடும் பாழானது, மாவை நான்தான் கரைத்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு கொத்தை மட்டும் முதலில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன்.

பலன் என்னவென்றால், முட்டை இல்லை, மது இல்லை, பாலும் இல்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் எல்லோரும் சாப்பிடலாம். தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும் அனுப்புகிற சைவ வீட்டுக்கு, கிறிஸ்துமஸுக்கு நாங்கள் திருப்பி அனுப்புவதை அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாமல் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட வருடம் எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் அனுப்பியது கேக். அடுத்த வருடம் முந்திரிக்கொத்து கொண்டுபோனேன். என் முன்னாலேயே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "சுக்கு போட்டிருக்கியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்தப் பலகாரத்தின் பக்கம் நிற்கிறேன்.

பத்துப் பதினைந்து நாள் தாங்கும். கூரியரில் போட்டால் உடையாது. ஒரு வீட்டுக்கு நாலு கொத்துக் கொடுத்தால் கை நிறையத் தெரியும். உடம்புக்கு நல்லது என்று சொல்ல மாட்டேன், எண்ணெயும் வெல்லமும்தானே. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இதுவும் ஆகாது, அவர்கள் வீட்டுக்கு அவித்த கடலையோ நார்த்தங்காய் ஊறுகாயோ தனியாகக் கொண்டுபோகிறோம்.

எதில் வைத்துக் கொடுப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பிளாஸ்டிக் டப்பா மலிவு, சட்டென்று கிடைக்கும், அச்சுமுறுக்குக்கு அதுதான் பொருத்தம். முந்திரிக்கொத்துக்கு நான் பனையோலைப் பெட்டிதான் வாங்குகிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து ஓலைப் பொருள்கள் முடைகிறார்கள். அடியில் வாழையிலைச் சருகு போட்டு அடுக்கினால் வியர்க்காது. பலகாரம் தீர்ந்த பிறகு அந்தப் பெட்டி அவர்கள் வீட்டில் வெங்காயம் பூண்டு போட இருக்கும்.

பலகாரம் போலவே நட்சத்திரத்துக்கும் வீட்டில் இரண்டு கட்சி. கடையில் மடக்கு நட்சத்திரம் கிடைக்கிறது, விரித்து ஊசி குத்தினால் முடிந்தது. பிளாஸ்டிக் நட்சத்திரம் மழைக்கும் அஞ்சாது. கடைசி வடகிழக்கு மழை கிறிஸ்துமஸ் வரைக்கும் நீளும் நம் ஊரில் அது பெரிய வசதி. 2023இல் டிசம்பர் 17, 18 பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வாரம் தென் மாவட்டங்களில் எத்தனையோ வீட்டில் நட்சத்திரமே தொங்கவில்லை.

இருந்தாலும் நான் மூங்கில் சிம்பில் (மெல்லிய கீற்றில்) கையால் கட்டுகிற நட்சத்திரத்தின் பக்கம்தான். மூன்றடிச் சிம்பு 10 வேண்டும். ஐந்தைந்தாகக் குறுக்கே குறுக்கே வைத்துக் கட்டினால் இரண்டு நட்சத்திரச் சட்டம் கிடைக்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் ஐந்து மூலையிலும் அரையடிக் குச்சி ஒவ்வொன்றாக நிமிர்த்தி நுழைத்தால், தட்டையாகக் கிடந்தது ஒரே நிமிடத்தில் வயிறு வைத்து எழுந்து நிற்கும். மைதாப் பசையால் வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே அரை வாட் எல்இடி விளக்குப் போட்டால் தாள் சூடாகாது. முன்பு குண்டு பல்பு போட்டுத் தாள் கருகிய வீடுகள் உண்டு. மழைக்கு என்ன செய்வது? முற்றத்து மரத்தில் கட்டாமல் வராந்தா உத்திரத்தில் கட்டுகிறோம். தாளை அடுத்த வருடம் மாற்றலாம், சட்டம் ஏழெட்டு வருடம் நிற்கும்.

இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டுகிற குடிலில் அவ்வளவு வாக்குவாதம் இல்லை. கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் அசிசி பிரான்சிஸ் 1223இல் வைத்த முதல் குடிலில் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. பொம்மைக்கு மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது, கொலுவுக்குச் செய்கிற அதே கைகள் குடிலுக்கும் செய்கின்றன. களிமண் பொம்மை ஒரு செட் வாங்கிப் பஞ்சில் சுற்றி வைத்தால் பிள்ளைகள் காலம் வரை வரும். பச்சைக்கு மட்டும் பிளாஸ்டிக் புல் வேண்டாம். 13ஆம் தேதி வாக்கில் பழைய தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்துவிட்டால், 24ஆம் தேதி ராத்திரி குடிலைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சையாக நிற்கும். காலையில் எழுந்ததும் முளை வந்ததா என்று பார்க்கப் பிள்ளைகள் ஓடுவார்கள்.

ஆக இந்த வருடக் கணக்கு இப்படி. தெருவுக்கும் வெளியூருக்கும் முந்திரிக்கொத்து, இரண்டு கிலோ பயறு. 20ஆம் தேதி பாகு, 21ஆம் தேதி சுடுவது. கேரல் பிள்ளைகளுக்கு மைனி அச்சுமுறுக்குச் சுடுவார். கேக் ஒன்றே ஒன்று, மகள் கையால், 25ஆம் தேதி ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டு மேசையில் வெட்ட. சைவ வீட்டுப் பெரியம்மாவுக்கு முதல் பெட்டி. சுக்கு இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறார்.