பழைய கணினியை விற்கும் முன்: எந்த அழிப்பு உண்மையில் அழிக்கிறது?

திருப்பூரில் நடுத்தர பனியன் கம்பெனி ஒன்றின் அலுவலகக் கணினியில் பையர் அனுப்பிய டெக் பேக் (ஆடையின் டிசைன், அளவு விவரங்கள்) இருக்கும், பேட்டர்ன் கோப்புகள் இருக்கும், ஜி.எஸ்.டி. கணக்கு இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கிறவர்களின் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும் அதே வட்டில்தான் இருக்கும். சில ஆண்டுகள் ஓடியதும் அந்தக் கணினி எக்ஸ்சேஞ்சில் போய்விடும். டிசைன் கசிந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. ஆதார் நகல் கசிந்தால் அல்லல்படுவது, அந்தக் கணினியைத் தொட்டே பார்க்காத தொழிலாளி. ஆகவே, 'அழித்துவிட்டோம்' என்பதற்குப் பின்னால் உள்ள வழிகளை அவர் பக்கம் நின்று ஒப்பிடுகிறேன்.

ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புவது வெறும் இடமாற்றம். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஷிஃப்ட் விசையோடு டெலீட் அழுத்துவது அதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியலில் பதிவு உண்டு. அழிக்கும்போது அந்தப் பதிவு 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படுகிறது, கோப்பு இருந்த இடம் 'காலி' ஆகிறது. பட்டாவில் பெயரை அடித்த பிறகும் காட்டில் மஞ்சள் அப்படியே நிற்கிற கதைதான். வேறொரு கோப்பு அதே இடத்தில் எழுதப்படும்வரை பழையது கிடக்கும். பட்டியலே அழிந்தாலும் மீட்கலாம்: ஜேபெக் படம் எதுவானாலும் தொடக்க பைட்டுகள் ஒன்றே என்பதால், அந்த அடையாளத்தைத் தேடியே படங்களை வெளியே எடுக்கும் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்யாண ஸ்டூடியோக்காரருக்கு இது வரம். மெமரி கார்டில் தவறுதலாக அழிந்துவிட்டால், அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வைத்தால் போதும், பெரும்பாலும் மீட்டுவிடலாம். பழைய கணினி விற்பவருக்கோ இதுவே ஆபத்து.

பலரும் நம்புவது குயிக் ஃபார்மட்டை. சுழலும் ஹார்ட் டிஸ்கில் அது புதிய வெற்றுப் பட்டியலை எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறது. முழு ஃபார்மட் வேறு. விண்டோஸ் விஸ்டா முதல் அது வட்டு முழுவதும் பூஜ்யத்தை எழுதுகிறது. எக்ஸ்பி காலத்து முழு ஃபார்மட் அதைச் செய்யவில்லை, எனவே அந்தக் கால அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இருவர் பழைய ஹார்ட் டிஸ்குகள் 158 வாங்கிச் சோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்த 129-ல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஃபார்மட் செய்யப்பட்டிருந்த வட்டுகளிலும் தகவல் கிடைத்தது.

இதற்கு நேர் எதிராக, பழைய தகவலின் மேல் வேறொன்றை எழுதி மறைப்பதை, அதாவது மேலெழுதுவதை, 35 முறை செய்ய வேண்டும் என்று அச்சுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அவரே பின்னாளில், இன்றைய வட்டுகளுக்கு அது பொருந்தாது என்று விளக்கினார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் வழிகாட்டி, ஹார்ட் டிஸ்குக்கு ஒரே முறை மேலெழுதினால் பொதுவாகப் போதும் என்கிறது. வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 1 டெராபைட் வட்டை ஒரு முறை எழுத ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம்; 35 முறை என்றால் நான்கு நாள். நான்கு நாள் காத்திருக்க முடியாது என்று எதுவுமே செய்யாமல் விற்றுவிடுகிறார்கள் என்பதுதான் அந்த அறிவுரையின் உண்மையான கேடு.

சுழலும் தகடு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வந்ததும் கணக்கு மாறுகிறது. அதில் எந்தச் சில்லில் எழுதுவது என்பதை உள்ளிருக்கும் கட்டுப்படுத்திதான் முடிவு செய்கிறது. தேய்மானத்தைப் பரவலாக்க, அதே கோப்பின் மேல் எழுதச் சொன்னாலும் வேறிடத்தில் எழுதும். நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் உண்டு. கோப்பு அழிந்ததும் டிரிம் என்ற கட்டளை, இந்த இடம் வேண்டாம் என்று வட்டுக்குச் சொல்கிறது. விண்டோஸ் 7 முதல் இது இயங்குகிறது. ஆகவே எஸ்.எஸ்.டி.யில் அழிந்ததை மீட்பது கடினம். ஆனால் எப்போது முழுமையாக அழியும் என்பதற்கு உறுதியில்லை, யு.எஸ்.பி. பெட்டியில் போட்ட எஸ்.எஸ்.டி.க்கு டிரிம் போய்ச் சேராமலும் இருக்கலாம். எனவே கோப்பு கோப்பாக 'ஷ்ரெட்' செய்யும் மென்பொருள்களை எஸ்.எஸ்.டி.க்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். தயாரிப்பாளர் தரும் மென்பொருளிலோ சில கணினிகளின் பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) இருக்கும் 'செக்யூர் இரேஸ்' வசதிதான் சரி: உபரி இடம் உட்பட எல்லாவற்றையும் அழிக்கும்படி வட்டுக்கே ஆணையிடுகிறது, வேலையும் சீக்கிரம் முடியும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது குறியாக்கம், அதாவது தகவலைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன். புதுக் கணினி வாங்கிய அன்றே விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரை இயக்கிவிட்டால் வட்டில் இருப்பது திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாத குப்பை. விற்கும்போது திறவுகோலை அழித்தால் வேலை முடிந்தது. கணினி பழுதாகித் திறக்கவே முடியாமல் போனாலும், அலுவலகத்தில் திருட்டுப் போனாலும் காப்பது இது ஒன்றுதான். இதுவரை சொன்ன மற்ற வழிகளுக்கெல்லாம் வட்டு உயிரோடு நம் கையில் இருக்க வேண்டும். மீட்புத் திறவுகோலைத் தாளில் அச்சிட்டுப் பெட்டகத்தில் வைக்காவிட்டால் நம் கணக்கும் நமக்கே திறக்காது. ஏற்கெனவே ஓடிய கணினியில் தொடங்கினால், பயன்பட்ட இடம் மட்டும் என்பதை விட்டு, முழு வட்டு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

துளையிட்டு உடைப்பது, வட்டு செத்துப்போன நிலையில் மட்டும். எஸ்.எஸ்.டி. என்றால் ஒவ்வொரு சில்லையும் துளை எட்ட வேண்டும். நடுவில் ஒரு ஓட்டை போதாது. ஓடும் வட்டை உடைப்பது வீண்.

என் தேர்வு இது: புதுக் கணினிக்குக் குறியாக்கம், பழைய ஹார்ட் டிஸ்குக்கு ஒரே ஒரு முழு மேலெழுத்து, பழைய எஸ்.எஸ்.டி.க்கு செக்யூர் இரேஸ். அழிப்பதற்கு முன் ஜி.எஸ்.டி. பதிவேடுகளை நகலெடுத்துவிடுங்கள், ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. கேமரா பதிவுகள் சேரும் டி.வி.ஆர். பெட்டியிலும், பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றிலும் ஹார்ட் டிஸ்க் உண்டு. ஆதார் நகல் எடுத்தது அந்த ஜெராக்ஸ் இயந்திரத்தில்தான். அதை மாற்றும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்.