எங்கள் குதிரையேற்றச் சங்கத்தின் தொடக்கநிலைப் பயிற்சி: அக்கா இருந்தபோதும், அவருக்குப் பின்னும்

இந்தச் சங்கத்தில் சேரலாமா என்று கேட்பவர்களுக்குச் சென்ற ஆண்டு வரை ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன்: அக்கா வரும் நாளாகப் பார்த்துச் சேருங்கள். அக்கா காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. அந்தப் பதில் இப்போது செல்லாது என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எழுபதைக் கடந்த அவரை ஏழு வயதுச் சிறுவர்களும் அக்கா என்றுதான் அழைத்தார்கள். சங்கத்தில் அவருக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறாமல் சந்தா கட்டிவந்த ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். ஆனால் புதிதாக வருபவர்கள் பயிற்றுநரைப் பார்ப்பதற்கு முன்பே, லாயத்தின் வாசலில் கையில் ரப்பர் சீப்புடன் நிற்கும் அவரைத்தான் பார்த்தார்கள். வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்; சங்கத்தின் விதிப் புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது.

அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றதை இன்றும் மறக்கவில்லை. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும் என்றாலும், நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்கு எதுவும் தெரியாது. ஆகவே தோள்பட்டைப் பக்கமாகப் பேசிக்கொண்டே அணுக வேண்டும், பின்புறமாகக் கடக்க நேர்ந்தால் கையை அதன் உடலிலிருந்து எடுக்காமலே நடக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். குளம்பைச் சுத்தம் செய்யும்போது கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து முனையை நோக்கி இழுக்கவும், நடுவிலுள்ள முக்கோண வடிவ மென்பகுதியைக் குத்தாமல் இருக்கவும் என் கையைப் பிடித்துப் பழக்கினார். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையின் வயிற்றடியில் நான் சீப்பை வைத்ததும் அதன் தோல் சிலிர்த்துத் துடித்தது. "அதுக்குக் கூச்சம்பா, அங்க மட்டும் உள்ளங்கையால துடைச்சு விடு" என்றார் அக்கா. முதல் நாளில் நான் ஏறியது பத்து நிமிடம்தான். ஆனாலும் அந்தக் குதிரை எனக்கு அறிமுகமாகிவிட்டது.

சேணத்தின் வயிற்று வாரை இறுக்குவதில் அவர் காட்டிய பொறுமை தனி. பல குதிரைகள் வார் இறுகும்போது மூச்சை இழுத்து மார்பை உப்பவைத்துக்கொள்ளும். அதை நம்பி ஒரே முறையில் இறுக்கிவிட்டு ஏறினால், சற்று நேரத்தில் வார் தளர்ந்து சேணம் ஒரு பக்கமாகச் சரியும். அக்கா முதலில் இலேசாக இறுக்குவார், குதிரையை நாலு எட்டு நடத்திக் கூட்டி வருவார், பிறகு இன்னும் ஒரு துளை இறுக்குவார், கடைசியில் வாருக்கும் உடலுக்கும் இடையே இரு விரல்களை நுழைத்துப் பார்ப்பார். ஏறும் முன் எத்தனை முறை பார்த்தாலும் தகும் என்பது அவர் கட்சி.

முழங்கால் வலி காரணமாக அவரால் தரையிலிருந்து அங்கவடியில் கால் வைத்து ஏற முடியாது. மரப்படியில் நின்றுதான் ஏறுவார். படியைப் பயன்படுத்தக் கூச்சப்படும் இளைஞர்களிடம், தரையிலிருந்து ஏறும்போது சேணம் ஒரே பக்கமாக இழுபட்டுக் குதிரையின் முதுகைத்தான் வருத்துகிறது என்று விளக்குவார். கால் ஒத்துழைக்காது என்று தயங்கியவர்களுக்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெலைப் பற்றிச் சொல்வார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அந்தப் பெண்மணி, குதிரையின் மேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை தேவைப்பட்ட நிலையில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமான சைகைகளால் இயக்கி நடைகளைக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். பெண்களுக்கு அந்தப் போட்டி திறந்துவிடப்பட்டதே அந்த ஆண்டில்தான். இந்தக் கதையை அக்கா சொல்லி நான் குறைந்தது இருபது முறையாவது கேட்டிருப்பேன்; ஒருமுறைகூட அலுத்ததில்லை என்று சொன்னால் அது பொய்.

இனி, இப்போதைய நிலை. மைதானத்துப் பயிற்சியில் குறை சொல்ல எதுவுமில்லை. பயிற்றுநர் கத்துவதில்லை. டிராட் என்னும் மித வேகத் துள்ளுநடையில் சேணத்திலிருந்து எழுந்து அமரும் முறையை, வெளிப்புற முன்னங்கால் முன்னே செல்லும்போது எழ வேண்டும் என்ற கணக்கோடு அவர் விளக்கிய விதம் எனக்கு ஒரே வகுப்பில் பிடிபட்டது. குதிரைகள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. மணலும் ஒழுங்காகக் கிளறப்படுகிறது.

குறை லாயத்தில்தான். அக்கா போன பிறகு, ஒரு நாளில் கூடுதலாக ஒரு வகுப்பைச் சேர்க்கும் ஆசையில், சேணம் பூட்டிய குதிரையை மைதானத்துக்கே கொண்டுவந்து நிறுத்தத் தொடங்கினார்கள். புதியவர் வருகிறார், ஏறுகிறார், இறங்குகிறார், போகிறார். தான் ஏறிய குதிரைக்கு எங்கே கூச்சம் என்பது அவருக்குத் தெரிவதே இல்லை. இதைவிடக் கவலை தந்தது தலைக்கவச விஷயம். உள்ளிருக்கும் நுரை அடுக்கு ஓர் அடியைத் தாங்கி நசுங்குவதற்காகவே அமைந்தது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும், விழுந்து அடிபட்ட கவசத்தை மறுபடி அணியக் கூடாது. அப்படிப்பட்டதை யாரும் தவறுதலாகக்கூட எடுத்துவிடாதபடி அக்கா அதன் வாரைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். அவர் மறைந்து இரண்டு மாதங்கள் கழித்து, முந்தைய வாரம் ஒருவர் விழுந்தபோது தரையில் மோதிய அதே கவசம், வார் வெட்டப்படாமல், மற்றவற்றோடு கொக்கியில் தொங்குவதைக் கண்டேன். நிர்வாகத்திடம் சொன்னதும் அகற்றிவிட்டார்கள். ஆனால் சொல்ல வேண்டியிருந்ததே என்ற வருத்தம் போகவில்லை.

அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அக்காவிடம் பழகிய கல்லூரி மாணவியர் இருவர், சனிக்கிழமைக் காலை வகுப்புக்கு மட்டும் அந்த அரை மணி நேரத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். தலைக்கவச அறையில் ஓர் ஆணியில் கத்தரிக்கோலும் தொங்குகிறது. அவருடைய பேச்சுத் திறமை இவர்களுக்கு இல்லை, லிஸ் ஹார்ட்டெல் கதையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வயிற்று வாரை இரண்டு முறை இறுக்குகிறார்கள், இரு விரல்களை நுழைத்துப் பார்க்கிறார்கள்.

எனவே சேர விரும்புபவர்கள் சனிக்கிழமை வகுப்பையே கேட்டு வாங்குங்கள். மற்ற நாள்களை, குறைந்தது இப்போதைக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை உங்களுக்குக் கிடைத்தால், வயிற்றடியில் சீப்பை வைக்காதீர்கள். உள்ளங்கையால் துடைத்தால் போதும்.